கோ-கார்ட் கார்புரேட்டர்: ட்யூனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்ட் இழுக்கவில்லை என்றதும் பலருடைய ஸ்க்ரூ டிரைவர் நேராகப் போய் நிற்பது மெயின் ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகில். பெரிய ஜெட் போட்டால் பவர் கூடும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஜெட் பெரிதானால் பெட்ரோல்தான் கூடும், காற்று கூடாது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு த்ராட்டிலில் நல்ல இழுவை கிடைப்பது ஏறக்குறைய 12.5 முதல் 13 பங்கு வரையில். அதற்கும் மேல் பெட்ரோலைக் கொட்டினால் கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். ஏர் ஃபில்டரையோ சைலன்சரையோ மாற்றி காற்றோட்டத்தைக் கூட்டியிருந்தால்தான் பெரிய ஜெட்டுக்கு வேலை இருக்கிறது.

அப்போதும் ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். 0.90 மி.மீ. துளைக்குப் பதில் 0.95 போடுவது கண்ணுக்குச் சின்ன மாற்றம். துளையின் பரப்பளவைக் கணக்கிட்டால் 11 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். இன்னொரு சிக்கல், ஜெட்டில் அடித்திருக்கும் எண். சில கம்பெனிகள் மில்லிமீட்டர் கணக்கிலும், சில அங்குலக் கணக்கிலும், சில பெட்ரோல் பாயும் அளவை வைத்தும் எண் போடுகின்றன. ஒரு கம்பெனியின் ஜெட்டைக் கழற்றி, அதே எண் உள்ள வேறு கம்பெனி ஜெட்டைப் போட்டு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஹோண்டா ஜிஎக்ஸ்200 மாதிரியான எஞ்சின்களிலும் அதன் நகல்களிலும் வேகத்தை ஒரு எல்லைக்கு மேல் போகவிடாத கவர்னர் இருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நேர் பாதையின் கடைசியில் எஞ்சின் திக்காமல், ஒரே சீரான சத்தத்தில் ஓடி அதற்கு மேல் ஏறவில்லை என்றால், தடுத்து நிறுத்துவது கவர்னர். எந்த ஜெட் போட்டாலும் அது மாறாது. அங்கே பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) பல் எண்ணிக்கை. கவர்னரையே எடுத்துவிடுவது ஆபத்தான குறுக்குவழி. கம்பெனி கொடுத்த வார்ப்பு ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஃப்ளைவீல் சிதறினால் துண்டுகள் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்து கிளம்பும்.

கார்புரேட்டரைத் தொடும் முன் மற்றவற்றைச் சரிபார்க்காமல் விடுவதுதான் நேரத்தை அதிகம் தின்னும் தவறு. ஜிஎக்ஸ்200-ல் வால்வ் இடைவெளி இன்டேக்கில் 0.15, எக்ஸாஸ்டில் 0.20 மி.மீ., எஞ்சின் ஆறிய நிலையில். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பிரேக் உரசுகிறதா, செயின் இறுக்கமா, கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கிளட்ச் வழுக்கும் கார்ட்டில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அதற்கு ஜெட் மாற்றுபவர்கள் நிறையப் பேர்.

சரி, கோளாறு கார்புரேட்டரில்தான் என்று தெரிந்துவிட்டது. எந்தத் திறப்பில் கோளாறு? இதைக் கேட்காமல் ட்யூன் செய்வது இருட்டில் துழாவுவதுதான். த்ராட்டில் கேபிள் முனையில் டேப் ஒட்டி கால், அரை, முழுத் திறப்புக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐடிலிலும் (பெடலை மிதிக்காத நிலை) முதல் கால்வாசி வரையிலும் ஆட்சி செய்வது பைலட் ஜெட் என்ற சிறிய ஜெட். முக்கால்வாசிக்கு மேல் மெயின் ஜெட். ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் நடுப்பகுதியைக் கவனிப்பது, ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி. வளைவிலிருந்து வெளியே வந்து பெடலை மிதித்ததும் தும்மி அடங்குகிறது, பிறகு நன்றாகப் போகிறது என்றால் மெயின் ஜெட்டைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் பைலட் பக்கம் லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிறது. முழுத் திறப்பில் திக்கினால் ஓடும்போதே சோக்கைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். இழுவை கூடினால் லீன். இன்னும் மோசமானால் லீன் இல்லை.

ஊசியின் கிளிப்பில் தலைகீழாகச் செய்பவர்கள் அதிகம். கிளிப்பை ஊசியின் மேல் பள்ளத்துக்கு மாற்றினால் ஊசி கீழே இறங்கி லீனாகும். கீழ் பள்ளத்துக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து ரிச்சாகும், அதாவது பெட்ரோல் கூடும்.

ஸ்க்ரூவிலும் இதே குழப்பம். எஞ்சின் பக்கம் இருக்கும் பைலட் ஸ்க்ரூ கலவையைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் லீன். மிக்குனி விஎம்22 போன்ற கார்புரேட்டர்களில் இருப்பது காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூ; உள்ளே திருகினால் ரிச். எது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். முறை ஒன்றுதான்: எஞ்சினை ஐந்து, பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு நிறுத்தி, ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே விட்டு, தட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர்முனை வளையும், துளையின் ஓரம் விரியும், அதன்பின் எந்த அளவும் நிற்காது. அங்கிருந்து ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்து, கால் சுற்று கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, ஐடில் அதிகபட்சமாக ஏறும் இடத்தில் விடுங்கள். ஏறிய ஐடிலை ஸ்டாப் ஸ்க்ரூவால் 1,400 ஆர்பிஎம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஐடில் நிற்கவில்லை என்று 2,000-க்கு ஏற்றி வைத்தால் பல கிளட்சுகள் அங்கேயே பிடிக்கத் தொடங்கிவிடும். வண்டி தானாக ஊர்ந்து லைனிங் கருகும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி இந்த வேலையைச் செய்தால் சக்கரம் சுழலும் என்பதை நினைவில் வையுங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டவும் கூடாது.

ஸ்டாண்டில் வைத்து மெயின் ஜெட்டை முடிவு செய்வது வீண் வேலை. லோடு இல்லாத எஞ்சினுக்கு முழுத் த்ராட்டில் தேவைப்படுவதே இல்லை. புது பிளக் போட்டு, நேர் பாதையில் முழுத் திறப்பில் ஓட்டி, ஸ்விட்சை அணைத்த அதே கணம் பெடலை விட்டு, உருண்டு நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நிதானமாக ஓட்டித் திரும்பி வந்து பார்த்தால் தெரிவது ஐடிலின் நிறம். இன்றைய பெட்ரோலில் முனை நிறம் நம்பத்தக்கதல்ல. பிளக்கின் பீங்கான் அடிப்பகுதியில், உள்ளே ஆழத்தில் படிந்திருக்கும் வளையத்தைப் பாருங்கள். பீங்கான் முழுக்க வெள்ளைவெளேர் என்றிருந்தால் உடனே ஒரு படி பெரிய ஜெட். ரிச் எஞ்சின் மந்தமாகும், அவ்வளவே. லீன் எஞ்சின் பிஸ்டனையும் எக்ஸாஸ்ட் வால்வையும் சூட்டில் தின்றுவிடும்.

லீன் என்றாலே ஜெட் சின்னது என்று அர்த்தமல்ல. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இன்சுலேட்டரின் இருபுற கேஸ்கெட்டும் கசியலாம். ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பில் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் தடுமாறினால் அங்கே கசிகிறது. கேஸ்கெட்டில் சின்னத் துளைகள் இருந்தால் அவை கார்புரேட்டரின் காற்று வழிகளுக்கு நேராக வர வேண்டும். திருப்பிப் போட்டால் வழி அடைபட்டு, காரணமே தெரியாமல் கலவை கெடும்.

சில நிமிடம் நன்றாக ஓடி, பிறகு உயிரில்லாமல் போய், சற்று நின்றால் மறுபடி ஓடுகிறதா? டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம், பெட்ரோல் சிந்தும். நின்றதும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்க் கார்புரேட்டரைவிடத் தாழ்வாக இருந்தால் பல்ஸ் பம்ப் (எஞ்சினின் அழுத்தத் துடிப்பில் இயங்கும் பெட்ரோல் பம்ப்) கட்டாயம். அழுத்தம் அதிகமுள்ள எலெக்ட்ரிக் பம்ப் போட்டால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் ஊசியால் தடுக்க முடியாது, பெட்ரோல் வழியும்.

அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்துவது பழைய கெட்ட பழக்கம். பித்தளை மென்மையானது, கீறல் விழுந்தால் துளை பெரிதாகும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: வட்டம் கூர்மையாகத் தெரிய வேண்டும். பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் எமல்ஷன் குழாயின் பக்கத் துளைகளையும் விடாதீர்கள். ஊறவைக்கும் முன் ரப்பர் ஓ-ரிங்கையும் ஃப்ளோட்டையும் கழற்றிவிடுங்கள்.

ஏர் ஃபில்டர் இல்லாமல் ட்யூன் செய்துவிட்டுப் பிறகு அதை மாட்டினால் எல்லாம் ரிச் பக்கம் நகர்ந்துவிடும். ஓட்டும்போது என்னென்ன மாட்டியிருக்குமோ அதோடுதான் ட்யூன் செய்ய வேண்டும். பெட்ரோலும் அப்படியே: 10 சதவீதம் எத்தனால் கலந்தால் சரியான விகிதம் 14.1-க்கு இறங்குகிறது, அதாவது அதே ஜெட் கொஞ்சம் லீன். குளிர்ந்த காலை நேரக் காற்று அடர்த்தியானது, அதுவும் லீன் பக்கம் தள்ளும். மலை உயரத்தில் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஜெட் எண், ஸ்க்ரூ சுற்று, அன்றைய வெப்பநிலை மூன்றையும் எழுதி வையுங்கள்.