பள்ளியைச் சுற்றி 100 கெஜம்: புகையிலை ஒழிப்புக்கு ஊரைச் சேர்ப்பது எப்படி?

உலகப் புகையிலை ஒழிப்பு நாளான மே 31 அன்று பேனர் பிடித்து ஊர்வலம் போகலாம், படம் நன்றாக வரும். மறுநாள் பள்ளி வாசல் பெட்டிக்கடையில் புகையிலைச் சரம் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ‘புகையிலை இல்லாத ஊர்’ என்று ஆரம்பித்தால் பீடி குடிக்கும் பெரியவர்கள் முதல் நாளே ஒதுங்கிவிடுவார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் தென்காசி, குடியாத்தம் பக்கமென்றால் கேட்கவே வேண்டாம். ‘பிள்ளைகளுக்கு விற்காதே, பள்ளிப் பக்கம் விற்காதே’ என்று மட்டும் கேளுங்கள். அவர்களே கூட வருவார்கள்.

1. முதலில் அளவு
2003ஆம் ஆண்டு சிகரெட், பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 6ஆவது பிரிவு, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது 91.44 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது என்கிறது. மதில் அல்லது வேலியின் வெளி ஓரத்திலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். பலர் வாசலிலிருந்து சாலை வழியாக அளக்கிறார்கள். அதில் பின்தெருக் கடைகள் தப்பிவிடும். மதிலின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் தனித்தனியே அளந்து பாருங்கள். செல்போன் வரைபடத்தில் தூரம் பார்த்து, எல்லைக்கோட்டருகே வரும் கடைகளுக்கு மட்டும் டேப் பிடித்தால் போதும்.

பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை போய்க் கடைவாரியாகக் குறியுங்கள்: உதிரி சிகரெட் உண்டா, மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே பாக்கெட் இருக்கிறதா, டீக்கடைத் தூணில் கயிறு கட்டி லைட்டர் தொங்குகிறதா. புகை பிடிக்கத் தடையுள்ள பொது இடத்தில் தீப்பெட்டியோ லைட்டரோ வைத்துக் கொடுப்பதே விதிமீறல். ‘விற்கிறார்களா பார்ப்போம்’ என்று சிறுவனைக் காசு கொடுத்து அனுப்பவே கூடாது.

2. ஆட்கள்
குழுவில் ஏழு பேருக்கு மேல் வேண்டாம். தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு பெற்றோர், வார்டு உறுப்பினர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுவில் ஒருவர், பழக்கத்தை விட்ட ஒருவர், கட்டாயம் ஒரு கடைக்காரர். சிகரெட் ஏஜென்சியிடம் பேனர் செலவுக்குக்கூடக் காசு வாங்காதீர்கள்.

3. கடைக்காரர்கள்
வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். எடுத்ததும் அபராதம் என்றால் மொத்தக் கடைத்தெருவும் எதிரியாகிவிடும். பள்ளிப் பக்கம் விற்பதற்கான அந்த அபராதமும் அதிகபட்சம் 200 ரூபாய்தான். வியாபாரம் மந்தமான மதிய வேளையில் இரண்டு பேராகப் போங்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவருக்குப் புகையிலை கொடுத்தால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பலருக்கு இது தெரியாது. மிரட்டாமல் சொல்லுங்கள்.

‘நான் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரன் விற்பானே’ என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால் வட்டத்துக்குள் இருக்கும் எல்லாக் கடைக்கும் ஒரே தேதி வையுங்கள். இருக்கிற சரக்கை மொத்தக் கடையில் திருப்பிக் கொடுக்க 15 நாள் அவகாசம் தரலாம். குட்கா, புகையிலை கலந்த பான் மசாலாவுக்கு அவகாசமே கிடையாது. தமிழ்நாட்டில் 2013 முதல் தடை நீட்டிக்கப்பட்டு வருகிறது.

4. கிராம சபை
ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். முன்கூட்டியே தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் மனு கொடுத்துப் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தில் பள்ளியின் பெயர், எந்தத் தேதி முதல், எச்சரிக்கைப் பலகைக்கும் எல்லையைக் காட்டும் மஞ்சள் கோட்டுக்கும் யார் செலவு என்ற மூன்றும் இருக்க வேண்டும். கைதட்டி முடிந்த தீர்மானம் பதிவேட்டில் ஏறாமலே போவதுண்டு. தீர்மான எண்ணோடு நகல் வாங்கிவிடுங்கள்.

5. பலகையும் கண்காணிப்பும்
60 × 30 செ.மீ. அளவில், தமிழில், பள்ளிக்கு வெளியே தெரியும்படி பலகை. சாலையில் 100 கெஜ எல்லையில் மஞ்சள் கோடு. விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைப் பலகையின் கீழேயே எழுதுங்கள்.

பிறகு மாதம் ஒருமுறை அதே கடைப் பட்டியலோடு சுற்றி வாருங்கள். குட்கா கண்ணில் பட்டால் கடையில் தகராறு வேண்டாம், உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். புகார் எப்போதும் குழுவின் பெயரில் போகட்டும். தனி ஆளின் பெயர் கடைத்தெருவுக்குத் தெரிந்தால் அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.