வெடிப்பு அபாயமுள்ள இடத்துக்கு விளக்கு வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

"எஃப்.எல்.பி. லைட், 40 எண்ணம்" (எஃப்.எல்.பி. என்றால் ஃபிளேம்ப்ரூஃப், உள்ளே எழும் சுடரை வெளியே விடாத பெட்டி) என்று மட்டும் எழுதி ஆர்டர் அனுப்புவது, மருந்துக் கடையில் "40 மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பதைப் போன்றது. பெயிண்ட் கலக்கும் கூடத்தில் நிற்கும் தின்னர் ஆவி வேறு, பேட்டரி சார்ஜ் ஆகும் அறையில் கிளம்பும் ஹைட்ரஜன் வேறு, மாவு அரைக்கும் இடத்தில் பறக்கும் தூசி வேறு. விளக்கைத் தேடுவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எரியும் வாயு எப்போதும் இருக்கும் இடம் ஜோன் 0. வழக்கமான வேலையின்போதே அவ்வப்போது வரக்கூடிய இடம் ஜோன் 1. ஏதாவது கோளாறு நடந்தால் மட்டும், அதுவும் கொஞ்ச நேரமே வரும் என்றால் ஜோன் 2. தூசிக்கு இதே வரிசையில் 20, 21, 22. இந்த ஜோன் வரைபடம் கையில் இல்லாமல் விலைப்பட்டியலைத் திறப்பதில் பயனில்லை.

அடிக்கடி காணும் இன்னொரு தவறு, ஐபி66 என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்பிவிடுவது. அது தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது என்பதற்கான எண். உள்ளே ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சரி, விளக்கின் பெயர்ப்பலகையை நிதானமாகப் படிப்போம். "எக்ஸ் டிபி ஐஐபி டி4 ஜிபி" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "எக்ஸ்" என்றால் வெடிப்பு அபாயமுள்ள இடத்துக்கானது, "டிபி" என்றால் எஃப்.எல்.பி. பெட்டி, "ஜிபி" என்றால் ஜோன் 1 வரை ஏற்ற பாதுகாப்பு நிலை. "ஐஐபி" என்பது வாயுப் பிரிவு; ஐஐஏ, ஐஐபி, ஐஐசி என்று போகப் போக வாயு எளிதில் பற்றக்கூடியது. "டி4" என்றால் விளக்கின் மேற்பரப்புச் சூடு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. டி3 என்றால் 200, டி6 என்றால் 85. வாயுப் பிரிவையும் டி எண்ணையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. டி6 வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஹைட்ரஜனைப் பாருங்கள். வெறும் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ள அதற்கு 500 டிகிரிக்கு மேல் வேண்டும், 450 டிகிரி வரை போகும் டி1 போதும். அதே ஹைட்ரஜன் மிகச் சிறிய பொறிக்கே பற்றும், அதன் சுடர் மெல்லிய இடுக்கிலும் நுழைந்து வெளியேறும். அதனால் ஐஐசி பிரிவு விளக்கோ, ஹைட்ரஜனுக்கும் சேர்த்துச் சான்றிதழ் பெற்ற ஐஐபி விளக்கோதான் வேண்டும். வெறும் ஐஐபி டி6 விளக்கு அங்கே ஆபத்து. கார்பன் டைசல்பைடு இருக்கும் இடத்திலோ சூடும் கவலைதான்: சுமார் 90 டிகிரியிலேயே அது பற்றிக்கொள்ளும், ஆகவே டி6 தவிர வேறு எதுவும் கூடாது.

அந்த டி எண்ணும்கூட ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது. பலகையில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், சுற்றுப்புறம் 40 டிகிரி வரை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தகரக் கூரைக்கு அடியில், உலைக்குப் பக்கத்தில் அதைவிடச் சூடு ஏறும். அங்கே மாட்டினால் பலகையில் உள்ள எண்ணை நம்ப முடியாது.

எஃப்.எல்.பி. என்றால் வாயு உள்ளே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். போகும். உள்ளே வெடிக்கவும் செய்யும். பெட்டி உடையாமல் தாங்கும். மூடியும் உடலும் சேரும் அந்த மெல்லிய இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் சுடர் தணிந்துவிடும். 1815-ல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்குக்குக் கம்பிவலை சுற்றியதும் சுடரைத் தணிக்கத்தான். எனவே உயிரைக் காப்பது மூடியும் உடலும் சேரும் அந்த வழவழப்பான உலோக முகம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, தண்ணீர் வராமலிருக்க சிலிகான் பூசுவது, எட்டு போல்ட்டில் ஒன்று காணாமல் போனதும் ஏழோடு விட்டுவிடுவது எல்லாமே அந்தப் பாதையைக் கெடுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளக்கு நன்றாகத்தான் தெரியும். பழைய பல்பை எடுத்துவிட்டு வெளியில் வாங்கிய எல்இடியைச் செருகுவதும் இப்படித்தான். சான்றிதழ் கொடுத்தது அந்தப் பெட்டிக்கும் அந்தப் பல்புக்கும் சேர்த்து.

கேபிள் விளக்குக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்டிலும் இதே கவனம் வேண்டும். சாதாரண கிளாண்ட் போட்டாலோ, பயன்படுத்தாத துளையைச் சான்றிதழ் இல்லாத அடைப்பானால் மூடினாலோ, விலை கொடுத்து வாங்கிய விளக்கு சாதாரண விளக்காகிவிடும். சான்றிதழ் எண்ணின் கடைசியில் பெருக்கல் குறி போன்ற ஆங்கில எழுத்து இருந்தால், மாட்டும் முன் அந்தச் சான்றிதழின் சிறப்பு நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

தூசி உள்ள இடங்களில் விளக்கின் மேல் படியும் அடுக்கு ஒரு போர்வைபோலச் சூட்டை அடைத்துவைக்கும். 5 மில்லிமீட்டர் படிந்தாலே என்ன சூட்டில் அது கருகிப் பற்றும் என்று பார்த்து, அதற்கு 75 டிகிரி கீழேயே விளக்கின் மேற்பரப்பு இருக்க வேண்டும். அடிக்கடி துடைக்கவும் வேண்டும். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் ஈரத்துணியால்தான். உலர்ந்த துணி உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும்.

அப்புறம், பராமரிப்பு. மின்சாரத்தை நிறுத்தியதும் உடனே மூடியைத் திறந்துவிடக் கூடாது. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடியில் எழுதியிருந்தால் அதைப் பொறுத்திருங்கள். மின்சாரம் போனால் அங்கே இருட்டு. அப்போது கை தானாகச் சட்டைப்பையில் உள்ள செல்போனுக்குப் போகும்; அதுவோ அந்த இடத்துக்குச் சான்றிதழ் இல்லாத கருவி. அந்த ஜோனுக்குச் சான்றிதழ் பெற்ற டார்ச்சை வேலைக்குப் போகும்போதே கையில் கொடுத்தனுப்புங்கள்.