ஒரு ஊர், பன்னிரண்டு வருடம்: நான்காம் வகுப்புக்கு ஜேம்ஸ்டவுன்

அமெரிக்காவில் ரிச்மண்ட் பக்கத்தில் நான்காம் வகுப்பு நடத்துகிறேன். வர்ஜீனியா மாநிலத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சமூகப் பாடம் என்றால் பெரும்பாலும் வர்ஜீனியாவின் வரலாறுதான். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்பது, "கொலம்பஸிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?" என்று. வேண்டாம் என்பேன். கொலம்பஸ், காபட், ராலி என்று கடலோடிகளை வரிசையாக ஒப்பிக்க வைத்தால் தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடும். ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலேயர் அமெரிக்காவில் நிலைத்துக் குடியேறிய முதல் ஊரான ஜேம்ஸ்டவுன், 1607 முதல் 1619 வரை. கப்பல், பசி, வியாபாரம், நிலம், சட்டசபை, அடிமைத்தனம் எல்லாம் அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கப்பலில் தொடங்காதீர்கள், கரையில் தொடங்குங்கள். ஜான் வைட் என்ற ஆங்கிலேய ஓவியர் 1585-இல் இன்றைய வட கரோலினா கடற்கரைக்கு வந்து, செகோட்டன் என்ற பூர்வகுடி ஊரை வரைந்தார். படம் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். வீடுகள், தீ, நடனம் என்று ஆரம்பித்து, யாராவது ஒரு பிள்ளை சோளக்கொல்லையைக் கண்டுபிடிக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் மூன்று கொல்லைகள்: ஒன்றில் இப்போதுதான் முளைத்தது, ஒன்றில் பச்சை, ஒன்றில் முற்றியது. ஒரே சமயத்தில் எல்லாம் அறுவடைக்கு வராதபடி திட்டம் போட்டு விதைத்தவர்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அப்புறம் வரைபடத்தை விரித்து, ஜேம்ஸ் நதிக்கரையிலும் பவ்ஹாட்டன் என்ற தலைவருக்குக் கீழே சுமார் முப்பது இனங்கள் இப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தன என்று காட்டுங்கள். ஆட்கள் இல்லாத காட்டுக்குக் கப்பல் வந்தது என்ற எண்ணம் அதற்குப் பிறகு வராது.

இப்போது கப்பல். சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்று மூன்று. சின்னதான டிஸ்கவரியில் 21 பேர், கிட்டத்தட்ட ஒரு வகுப்பு. தரையில் டேப் ஒட்டி ஒரு சிறு கட்டம் போட்டு, எல்லோரையும் உள்ளே நெருக்கி உட்காரவைத்து, அன்றைய வாசிப்பு நேரத்தை அங்கேயே நடத்துங்கள். கால் மரத்துப்போய் நெளிய ஆரம்பித்த பிறகு சொல்லுங்கள்: 1606 டிசம்பரில் லண்டனில் ஏறியவர்கள் வர்ஜீனியா கரையைப் பார்த்தது 1607 ஏப்ரல் கடைசியில்.

நிறைய நேரம் ஒதுக்க வேண்டியது பசிக்கு. 1609-10 குளிர்காலத்தில், வந்தவர்கள் ஜேம்ஸ்டவுனில் கட்டிய கோட்டைக்குள் இருந்த சுமார் 300 பேரில் ஏறக்குறைய 60 பேர்தான் பிழைத்தார்கள். "சோம்பேறிகள், அதனால் செத்தார்கள்" என்று பழைய பாடங்கள் முடித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணங்களைப் பிள்ளைகளே தேடட்டும். ஜன்னலோரம் இரண்டு பட்டாணிச் செடி வைத்து, ஒன்றுக்கு நல்ல தண்ணீரும் மற்றதற்கு உப்புத் தண்ணீரும் ஊற்றச் சொல்லுங்கள். ஜேம்ஸ்டவுன் பக்கம் கோடையில் ஆற்று நீர் உப்புக் கரிக்கும், அதைத்தான் குடித்தார்கள். அடுத்து, குறுக்கே வெட்டிய மரத்துண்டு ஒன்று கொண்டுவந்து வளையங்களை எண்ணச் சொல்லுங்கள். நெருக்கமான வளையம் என்றால் மழை குறைந்த வருடம். இந்தப் பக்கத்துச் சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1606 முதல் 1612 வரை கடும் வறட்சி என்று 1998-இல் எழுதினார்கள். அப்படியானால் பவ்ஹாட்டன் மக்களுக்கும் சோளம் போதவில்லை. வந்தவர்களோ சோளம் கேட்டார்கள், கொடுக்காத இடத்தில் பறித்தார்கள். கடைசியில் பவ்ஹாட்டன் மக்கள் கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். "ஏன் பகிர்ந்துகொள்ளவில்லை?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். பதிலைச் சொல்லாமல் மரத்துண்டைத் திரும்ப அதன் கையில் கொடுங்கள்.

பவ்ஹாட்டனின் மகள் போகஹோன்டாஸ் கதையைப் பிள்ளைகள் முன்பே கேட்டிருப்பார்கள். அதைத் தவறு என்று அடிக்க வேண்டாம், இரண்டு தாள் கொடுங்கள். ஜேம்ஸ்டவுன் ஆங்கிலேயத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித் 1608-இல் எழுதியதில் பவ்ஹாட்டன் அவரை நன்றாக வரவேற்றார், அவ்வளவுதான். 1624-இல் வெளியிட்டதில், தன் தலையை உடைக்க வந்தபோது அந்தப் பெண் குறுக்கே விழுந்து காப்பாற்றினாள் என்கிறார். 1607-இல் அவளுக்குச் சுமார் பதினொரு வயது, 1617-இல் இங்கிலாந்தில் இறந்துவிட்டாள். யார் எழுதியது, எப்போது எழுதியது, மறுத்துச் சொல்ல அப்போது யார் இருந்தார்கள்? இந்த மூன்று கேள்வியையும் சுவரில் ஒட்டிவையுங்கள், வருடம் முழுக்க உதவும்.

நிலத்துக்குக் கட்டம் போட்ட தாள் போதும். ஒரு ஆளைக் கப்பல் கட்டணம் கொடுத்துக் கூட்டிவந்தால் 50 ஏக்கர் என்று 1618-இல் விதி வந்தது. ஒரு கட்டம் 50 ஏக்கர் என்று வைத்து, ஆறு பேருக்கு நிறம் தீட்டச் சொல்லுங்கள். பெருக்கல் கணக்கும் ஆயிற்று. அந்தக் கட்டங்களுக்கு அடியில் ஏற்கெனவே யாருடைய கொல்லை இருந்தது என்று செகோட்டன் படத்தை நினைவுபடுத்துங்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு: 1635-இல் ஜார்ஜ் மெனிஃபீ என்ற வர்ஜீனியாக்காரர் இப்படி நிலம் வாங்கக் காட்டிய ஆட்களின் பட்டியலில் "டோனி, ஈஸ்ட் இந்தியன்" என்று ஒரு பெயர் இருக்கிறது. எந்த ஊர் என்று பட்டியல் சொல்லவில்லை.

1619-க்கு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். ஜூலையில் குடியேறியவர்களின் பிரதிநிதிகள் கொண்ட முதல் சட்டசபை கூடியது. ஆகஸ்ட் கடைசியில் ஒயிட் லயன் என்ற கப்பல், அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபது சொச்சம் பேரை வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட் என்ற இடத்தில் இறக்கி, உணவுப் பொருளுக்கு மாற்றாகக் கொடுத்தது. இதை நேராகச் சொல்லுங்கள்: மனிதர்களைச் சாப்பாட்டுக்கு விற்றார்கள். நாடகம் வேண்டாம், யாரையும் அடிமையாக நடிக்கவைக்க வேண்டாம், பூர்வகுடி வேஷத்துக்குக் காகித இறகு கட்டிவிடவும் வேண்டாம். ஒரு பெயரைச் சொல்லுங்கள்: ஏஞ்சலா. அதே காலத்தில் ட்ரெஷரர் என்ற கப்பலில் வந்தவர். 1625 கணக்கெடுப்பில் ஜேம்ஸ்டவுனில் வில்லியம் பியர்ஸ் வீட்டில் அவர் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் அவரைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

பூர்வகுடிகளைப் பற்றி எழுதும்போது எல்லா வாக்கியத்தையும் "வாழ்ந்தார்கள்" என்று முடிக்க விடாதீர்கள். பமங்கி, மேட்டபொனை என்ற பூர்வகுடி மக்கள் ஆங்கிலேயரோடு செய்த 1677 ஒப்பந்தப்படி இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில் மாநில ஆளுநருக்கு மான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, "இருக்கிறார்கள்" என்று முடியும் ஒரு வாக்கியமாவது கேளுங்கள்.

நேரில் போவதானால், இரண்டு இடங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட் என்பது மாதிரிக் கப்பல்களும் மாதிரி ஊரும். ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன் என்பது ஆற்றுத் தீவில் உள்ள அசல் இடம். 1994-இல் தோண்டத் தொடங்கி முக்கோணக் கோட்டையைக் கண்டுபிடித்தது அங்கேதான். சின்னப் பிள்ளைகள் முதலில் கப்பலில் ஏறட்டும், பிறகு தீவுக்குப் போகலாம். தீவிலுள்ள அருங்காட்சியகத்தில், பஞ்சத்தில் இறந்த பதினாலு வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புகள் இருக்கின்றன. அவள் உடலை மற்றவர்கள் உண்டதற்கான வெட்டுத் தடயங்களோடு. உங்கள் பிள்ளைக்கு அது தாங்குமா என்று வண்டியை விட்டு இறங்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். கொசு மருந்தும் தொப்பியும் மறக்க வேண்டாம், சுற்றிலும் சதுப்பு நிலம்.