பிரிட்டன் கிளாசிக் கார் ஏலங்கள்: நம் பட்ஜெட்டுக்குள் ஒரு கனவு வண்டியைத் தேடுவது எப்படி?

ஏலத்தளங்களில் கணக்கு தொடங்குவது, அலர்ட் வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: மூன்றே மாடல்கள்

எல்லா வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தால் எதன் விலையும் மனதில் நிற்காது. என் பட்டியல்: எம்ஜிபி ஜிடி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. மூன்றுக்கும் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும். எம்ஜிபிக்கு முழு பாடி ஷெல்லே இன்றும் புதிதாக வாங்கலாம்.

எம்ஜிபியில் 1974 கடைசியில் குரோம் பம்பர் போய், கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்க விதிகளுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். அதனாலேயே ரப்பர் பம்பர் வண்டிகள் விலை குறைவு. திறந்த ரோட்ஸ்டரைவிட, கூரை போட்ட ஜிடியும் பொதுவாக மலிவு. இரண்டும் சேர்ந்த ரப்பர் பம்பர் ஜிடிதான் என் முதல் தேர்வு. அதே 1798 சிசி இன்ஜின், பின்னால் மேலே திறக்கும் கதவு, மழைக்கும் கவலையில்லை. ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நெடுஞ்சாலையில் அது இல்லாமல் இன்ஜின் கத்திக்கொண்டே வரும்.

படி 2: உண்மையான விலை

இங்கேதான் நிதானம் வேண்டும். ஏலத்துக்கு முன் நிறுவனம் சொல்லும் உத்தேச விலையான எஸ்டிமேட்டை நம்பாதீர்கள், முடிந்த ஏலங்களை மட்டும் பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய பாணி ஏல நிறுவனங்கள் பல, பையர்ஸ் பிரீமியத்தையும் (வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டும் கட்டணம்) சேர்த்த விலையை வெளியிடுகின்றன. ஆன்லைன் தளங்களில் பெரும்பாலும் தெரிவது கடைசியாகக் கேட்ட தொகை மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒன்று மலிவு போலத் தோன்றும்.

ஒரு கணக்கு: சுத்தியல் விழுந்தது, அதாவது ஏலம் முடிந்தது, 6000 பவுண்டில். பிரீமியம் 12 சதவீதம் என்றால் 720. அந்த 720-க்கு 20 சதவீத வாட் 144. ஆக நீங்கள் கட்டுவது 6864. சதவீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். உங்கள் உச்சவரம்பு 6000 என்றால், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 5200 சுமாரில் நிறுத்திவிட வேண்டும்.

ரிசர்வ் (விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலை) எட்டாமல் விற்காமல் போனவற்றையும் குறித்து வையுங்கள். தளத்தின் ஃபேவரிட்ஸ் பட்டியல் இதற்குப் போதாது. சாதாரண ஸ்பிரெட்ஷீட்தான் எனக்குப் பிடித்த கருவி: தேதி, ஆண்டு, கடைசித் தொகை, பிரீமியம் சேர்த்த விலை, விற்றதா இல்லையா. ஐந்தே கட்டங்கள்.

படி 3: துரு

எம்ஜிபிக்குத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும், 'சில்' (sill) எனப்படும் உலோகப் பகுதிதான் பாடியின் பலம். அது துருப்பிடித்தால் பாடி தொய்யும். பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். பளபள பெயின்ட்டைவிட இந்த இடைவெளி நிறையச் சொல்லும்.

அடுத்து, நம்பர் பிளேட் எண்ணை பிரிட்டன் அரசின் எம்ஓடி (வண்டிகளுக்கான ஆண்டுத் தகுதிச் சோதனை) வரலாற்றுப் பக்கத்தில் போடுங்கள். இலவசம். பாஸான வருடங்களில்கூட 'துரு இருக்கிறது' என்று பரிசோதகர் எழுதிய குறிப்புகளும், ஓடிய மைல் கணக்கும் வரிசையாக வரும். நான் முதலில் திறப்பது இதைத்தான்.

பின்சேர்க்கை: "நான் பார்த்த ஸ்பிட்ஃபயருக்கு 2018-க்கு அப்புறம் எம்ஓடி பதிவே இல்லையே, ஏதாவது மறைக்கிறார்களா?" என்று சிலர் கேட்டார்கள். அப்படி முடிவு கட்ட வேண்டாம். 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. ஆனால் கட்டாயமில்லாதபோதும் விரும்பிப் போய்ச் சோதித்த உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வண்டிகளுக்கே முன்னுரிமை கொடுப்பேன். பதிவு இல்லையென்றால், லிஃப்டில் ஏற்றி எடுத்த அடிப்பக்கப் படங்களை விற்பவரிடம் கேளுங்கள். ஏலம் முடிவதற்குள் வரவில்லை என்றால், அதை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாம்.