கீழ் இணையா, மேல் இணையா? மை தடவிப் பாருங்கள்

இயந்திரத்தில் ஒன்றையொன்று தொட்டு இயங்கும் இரு உறுப்புகளின் சேர்க்கையே இணை. அவை சேரும் இடத்தில், ஒன்றின் மீது மை தடவியதாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பரப்பில் மை பரவலாக ஒட்டினால் அது கீழ் இணை (லோயர் பேர்). கோடாகவோ புள்ளியாகவோ ஒட்டினால் மேல் இணை (ஹையர் பேர்). சிலிண்டருக்குள் பிஸ்டன், புஷ்ஷுக்குள் (குழல் வடிவ உறை) சுழலும் தண்டு ஆகியவை முதல் வகை. பற்சக்கரங்களும் கேமும் (சுழன்றபடி இன்னோர் உறுப்பைத் தள்ளும் வட்டு) இரண்டாவது.

இது பலிப்பதற்குக் காரணம், 1875-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரான்ஸ் ரூலோ வகுத்த இந்தப் பிரிவே தொடுகையின் வடிவத்தை வைத்து அமைந்ததுதான். பரப்பு முழுதும் தொட்டால் சுமை பகிரப்படும், தேய்மானம் மெதுவாக நடக்கும். கோட்டுத் தொடுகையில் அழுத்தமெல்லாம் ஓரிடத்தில் குவியும்.

பெல்ட்டும் கப்பியும் மட்டும் ஏமாற்றும். மை பரப்பாகத்தான் ஒட்டும், ஆனால் பாடநூல்கள் அதை மேல் இணையில் சேர்க்கின்றன. பால் பேரிங்கிலும் கவனம் தேவை: குண்டும் வளையமும் மேல் இணை என்றாலும், இயங்கமைவை (உறுப்புகள் இணைகளால் சேர்ந்து இயங்கும் தொகுதியை) ஆராயும்போது மொத்த பேரிங்கையும் ஒரே சுழல் இணையாகவே எண்ணுவார்கள்.

மை காட்டுவது தொடுகையை மட்டுமே. போல்ட்டும் நட்டும் திருகு இணையா (சுழன்றால்தான் நகரும்), உருளை இணையா (சுழலாமலும் நகரும்) என்பதற்கு, சுழற்றாமல் இழுத்துப் பார்க்க வேண்டும். நகராவிட்டால் திருகு.