சோதனைக்குக் கரையிலேயே ஆயத்தமாவது எப்படி

போன தவக்காலத்தில் எங்கள் அன்பியத்துப் பையன்கள் (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு அது) ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சிலுவைப்பாதை முடிந்த வெள்ளிக்கிழமை இரவு அது. அதில் ஒருவன் கேட்டான்: "மாமா, சோதனை வந்தா செபம் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது வர்ற நேரத்துல செபமே வர மாட்டேங்குதே, அப்ப என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிழிந்த வலையை நாம் கரையில் உட்கார்ந்து தைக்கிறோம். மீன் ஏறும்போது ஊசியைத் தேடுகிறவன் யாரும் இல்லை. சோதனை விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் அந்த நிமிடத்துக்கே விட்டுவிடுகிறோம்.

நான் பாம்பன்காரன். வயது 54. தென்கடலில் நண்டு வலை போடுகிறேன், சொந்த வள்ளம். என்னை விழத்தட்டியது கடல் அட்டை, கடலடி மணலில் கிடக்கும் வெள்ளரிக்காய் மாதிரியான உயிர். அப்பா காலத்தில் அட்டையை அவித்து, மணலில் புதைத்து, தோல் நீக்கிக் காயவைப்பது எங்கள் கரையில் எல்லோரும் செய்த தொழில். 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை வந்தது. ஆனால் அட்டைக்குத் தடை தெரியுமா, அது வலையில் ஏறத்தான் செய்யும். தாழையோடு, அதாவது கடல்புல்லோடு சேர்ந்து வெள்ளை அட்டை நாலு ஏறினால், கரையில் ஒரு ஆள் பிளாஸ்டிக் வாளியோடு நிற்பான். நண்டில் ஒரு வாரம் பார்க்கும் காசை அரை மணியில் கையில் வைப்பான். மூத்த மகளுக்கு நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய வருடம் அது. இரண்டு பருவம் விற்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன் வரிசையில் நின்றுகொண்டே விற்றேன்.

பிடிபடுவோம் என்ற பயம் என்னை ஒரு நாளும் தடுக்கவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பயம் ரோந்துப் படகு வரும் நாளில் மட்டும் காவல் காக்கும். வராத நாளுக்கு வேறு காவல் வேண்டும்.

முதல் வேலை, உங்கள் சோதனை எந்த நேரத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பதினைந்து நாள் எழுதுங்கள். ஆசை எத்தனை மணிக்கு எழும்பியது, எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார், வயிற்றில் சாப்பாடு இருந்ததா, அன்று யாரோடு சண்டை. நான் எழுதிப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. வலை இழுக்கும்போது எனக்கு ஆசை வரவில்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், மளிகைக் கடைக்காரர் பழைய பாக்கியைச் சொன்ன நேரத்திலேயே அது உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. விடியற்காலை வலையில் அட்டையைப் பார்க்கும்போது முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

யாக்கோபு தன் திருமுகத்தில் இதைத்தான் எழுதுகிறார். முதல் அதிகாரம், 14ஆம் வசனம். ஒவ்வொருவனும் தன் சொந்த ஆசையாலேயே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான் என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. அந்தச் 'சிக்குண்டு' என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இரை வைத்துப் பிடிப்பதைக் குறிக்கும் சொல் என்று எங்கள் பங்குச் சாமியார் ஒரு மறையுரையில் சொன்னார். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கணவாய்க்கு ஒரு இரை, பாரைக்கு ஒரு இரை. எல்லா மீனுக்கும் ஒரே இரையைப் போடுகிறவன் தூண்டில்காரனே இல்லை. அடுத்தவனுக்கு வருகிற சோதனை உங்களுக்கு வராததால் நீங்கள் பரிசுத்தவான் ஆகிவிட மாட்டீர்கள். உங்கள் இரை வேறு, அவ்வளவுதான். அது எது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 'கெட்ட பழக்கம்' என்று மொட்டையாக எழுத வேண்டாம். நான் 'அட்டைக் காசு' என்று எழுதினேன்.

நேரம் தெரிந்ததா? இனி அந்த நேரத்துக்கு வசனத்தைக் கட்டிவைக்க வேண்டும். மத்தேயு நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பு இருந்து, பசித்த நேரத்தில் அலகை, அதாவது சாத்தான் வருகிறான். ஆண்டவர் அங்கே நீண்ட செபம் சொல்லவில்லை. மூன்று தடவையும் "எழுதியிருக்கிறதே" என்று ஒற்றை வரியில் பதில் கொடுக்கிறார். அந்த மூன்று பதிலும் பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் என்ற புத்தகத்தின் 6, 8 ஆகிய இரண்டே அதிகாரங்களில் இருந்து வருகின்றன. வேதம் முழுவதும் மனப்பாடமாக இருந்தால்தான் தப்பிக்கலாம் என்று மலைத்துப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் சோதனைக்கு நேராக நிற்கிற மூன்று வரி போதும். ஆனால் அந்த மூன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

மனப்பாடம் செய்யும் விதம் இது. ஒரு வசனத்தைக் கையால் எழுதுங்கள், போனில் தட்டச்சு செய்ய வேண்டாம். வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்றுதான், மேலே போகாதீர்கள். தினமும் செய்கிற ஒரு வேலையோடு அதைச் சேர்த்துவிடுங்கள். நான் என்ஜின் கயிற்றை இழுக்கும் முன்னால் சொல்வேன். இப்போது அந்தக் கயிற்றைத் தொட்டாலே வசனம் தானாக வருகிறது. நான் வைத்திருப்பது எபிரேயர் 13:5. பொருளாசை வேண்டாம், உள்ளதே போதும் என்றிரு, நான் உன்னைக் கைவிடமாட்டேன் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் என்பது அதன் சாரம். 'கைவிடமாட்டேன்' என்ற சொல் எனக்கு வேண்டியிருந்தது. காசு வேண்டாம் என்று மட்டும் சொல்லும் வசனம் என் மகள் படிப்புக்குப் பதில் சொல்லாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அலகையும் வேதம் சொல்வான். அதே நான்காம் அதிகாரத்தில் அவன் 91ஆம் திருப்பாடலைச் சொல்லித்தான் கோயில் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்கிறான். அந்த வாளிக்காரன் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "ஆண்டவர் கொடுத்ததை அண்ணன் கடல்ல திருப்பிக் கொட்டப்போறீகளா?" எவ்வளவு பக்தியான பேச்சு! ஒரு வருடம் அந்த ஒரு வரியை வைத்துத்தான் என் மனச்சாட்சியைத் தூங்கவைத்தேன். ஒரு வசனம் உங்களை நீங்கள் ஏற்கெனவே ஆசைப்பட்ட பக்கமே தள்ளிக்கொண்டு போனால், அதை உடனே நம்பாதீர்கள். வேறொருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது இடம். சின்ன விஷயமாகத் தெரியும், என்னைக் காப்பாற்றியது இதுதான். தொடக்கநூலில், எகிப்தில் தன் எசமானாக இருந்த போத்திபாரின் மனைவி ஆசைப்பட்டு மேலாடையைப் பிடித்தபோது யோசேப்பு அங்கே நின்று வாதாடவில்லை. ஆடையை விட்டுவிட்டு ஓடினார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 10:13ல், சோதனையோடு தப்பிக்கும் வழியையும் கடவுள் உண்டாக்குவார் என்கிறார். அந்த வழி வானத்தைக் கிழித்துக்கொண்டு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது, வள்ளத்தைக் கட்டுகிற இடத்தை முந்நூறு அடி தள்ளி மாற்றுவது. வாளிக்காரன் நிற்கும் இடத்தில் கரையேறாமல், நண்டு எடுக்கும் பெண்கள் கூடுகிற பக்கம் ஏறினேன். அங்கே எல்லோர் கண்ணும் கூடையில்தான் இருக்கும். அட்டை ஏறினால் கரைவரை கொண்டுவருவதில்லை. உயிரோடு இருக்கும்போதே, வலையை உதறும் இடத்திலேயே கடலில் விட்டுவிடுகிறேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வள்ளத்தின் அடித்தட்டில் ஒரு மணி நேரம் கிடந்தால் அது என்னோடு பேச ஆரம்பித்துவிடும். கையில் எடுத்த நொடியிலேயே விட வேண்டும்.

குடிக்கும் இதே வழிதான். சாராயக்கடை இருக்கும் தெரு வழியாகச் சைக்கிளை விடாதீர்கள், சுற்றிப் போங்கள். நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் படித்திருக்கிறீர்களா? குடிகாரன் நடுக்கடலில் படுத்திருக்கிறவனைப்போல, பாய்மரத்து உச்சியில் கிடக்கிறவனைப்போல இருப்பான் என்று எழுதியிருக்கிறது. கடலில் ஒரு இரவு தங்கினவனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். ஒன்று மட்டும் கவனமாகக் கேளுங்கள். வருடக்கணக்கில் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். அப்படிப் போவது விசுவாசக் குறைவு இல்லை. லூக்காவே மருத்துவர்தான்.

விசைப்படகுக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வேலை இல்லை, கையில் போன், போனில் ரம்மி, சாயங்காலம் பாட்டில். சாமுவேல் இரண்டாம் புத்தகம் 11ஆம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். அரசர்கள் போருக்குப் போகும் காலம். தாவீது போகவில்லை, எருசலேமிலேயே தங்கிவிட்டார். மாலையில் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாவும்போதுதான் பத்சேபாவைப் பார்க்கிறார். கோலியாத்தை வென்ற மனிதரை ஒரு வெறும் சாயங்காலம் வீழ்த்திவிட்டது. ஆகவே தடைக்காலம் தொடங்கும் முன்னாலேயே சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுவரை யாரோடு எங்கே இருப்பீர்கள் என்று எழுதிவையுங்கள். வலை பின்னுவதோ, படகுக்கு வர்ணம் அடிப்பதோ, கோயில் வேலையோ, எதுவாகவும் இருக்கட்டும், தனியாக மட்டும் வேண்டாம். வங்கிச் செயலி இருக்கும் போனை அந்த மூன்று மணி நேரம் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாச் சோதனையும் அசிங்கமாக வராது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. ஓரியூருக்குப் போயிருப்பீர்கள், செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசியிருப்பீர்கள். போர்ச்சுகலிலிருந்து வந்த சேசு சபைக் குருவான அருளானந்தர் 1686ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, இனி இங்கே வராதே என்று விரட்டப்பட்டவர். பிறகு போர்ச்சுகலுக்குப் போனபோது, சின்ன வயதில் தன்னோடு அரண்மனையில் இருந்த இரண்டாம் பெத்ரோ அங்கே அரசர். இங்கேயே இருந்துவிடும், இளவரசனுக்குக் கற்றுக்கொடும் என்றார். அதில் பாவம் ஒன்றும் இல்லை. மரியாதையான வேலை, தாய் இருக்கும் ஊர், உயிருக்குப் பயமில்லை. அவர் 1690ல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். வசதி ஒன்று கூப்பிடும்போது, 'இது பாவமா?' என்று மட்டும் கேட்காமல், 'ஆண்டவர் என்னை எங்கே நிற்கச் சொன்னார்?' என்றும் கேட்க அவரிடம் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஆளிடம் சொல்லிவிடுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், அதோடு வீட்டிலும் ஒருவருக்குத் தெரிய வேண்டும். நான் சொன்னது என் மனைவியிடம். சொல்ல மூன்று வாரம் ஆனது. அவள் அழவில்லை, திட்டவில்லை. "நாளையிலேருந்து நண்டுச் சீட்டை என்கிட்டயே கொடுத்துருங்க" என்றாள். எடை போட்ட சீட்டும் காசும் அன்றன்றே அவள் கைக்குப் போனது. கணக்கில் வராத காசுக்கு வீட்டில் இடமில்லாமல் போய்விட்டது. மகளின் படிப்புக்கு அவள் சங்கிலியை அடகு வைத்தோம், மீட்க நான்கு வருடம் ஆனது. கஷ்டம்தான், மறைக்கவில்லை.

விழுந்துவிட்டால்? நானும் நடுவில் ஒரு தடவை விழுந்தேன், ஒரு ஆடி மாதம், கச்சான் காற்றில் பத்து நாள் தொழில் இல்லாமல் கிடந்த பிறகு. வெட்கத்தில் இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. அந்த இரண்டு வாரம்தான் விழுந்ததைவிட மோசம். யோவான் நற்செய்தியை எடுத்து 18ஆம் அதிகாரத்தையும் 21ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்றது கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்ததும் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு. விடிய விடிய ஒன்றும் படாமல், பிறகு ஆண்டவர் சொல்லி வீசிய வலையில் மீன் நிறைந்து கரைக்கு வந்தவரை, சாப்பிட வாருங்கள் என்றுதான் கூப்பிட்டார். கணக்குக் கேட்டது சாப்பிட்ட பிறகு. அதனால் விழுந்த அன்றைக்கே எழுந்து போங்கள், அடுத்த ஞாயிறு வரை தள்ளாதீர்கள். நோட்டில் அந்த நாளையும் எழுதுங்கள், மணி, இடம், வயிற்றில் சாப்பாடு இருந்ததா என்பது உட்பட.

ராத்திரி படுக்கும்போது பரலோக மந்திரத்தில் "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிற்பேன். நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எனக்குத் தெரிந்ததை ஆண்டவரிடம் சொல்வேன். நாளைக்கு வலை இழுக்கும் நேரம் அதிகாலை நான்கரை, அதற்கு முன்னால் இன்றைக்குச் சாயங்காலம் மளிகைக் கடைக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிட்டேன்.