மலைக்குளிரில் தோட்டா: புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஜனவரிக் காலையில் ஊட்டிப் பக்கம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வரும் புதியவர்கள் கையுறை, குல்லா எல்லாம் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். தோட்டாவுக்கும் குளிரும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. மூச்சு, டிரிகர் பற்றியெல்லாம் கோச் சொல்லிக்கொடுப்பார்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெயிலில் திறந்த பெட்டி

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். மலையில் நிழல் நடுக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும். காலையில் .22 (0.22 அங்குல) தோட்டாப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைக்கிறார்கள். வெயில் ஏறியதும் பெட்டியில் பாதி வெயிலில், பாதி நிழலில். தொட்டுப் பாருங்கள்: ஒரு பக்கப் பித்தளை கதகதப்பாக இருக்கும், மறுபக்கம் ஜில்லென்று இருக்கும். சூடான வெடிமருந்து வேகமாக எரியும், அழுத்தம் கூடும், குண்டு வேகமாகக் கிளம்பி மேலே படும். 50 மீட்டர் தூரத்தில், வேகம் நொடிக்கு 5 மீட்டர் மாறினாலே அடி (குண்டு படும் இடம்) சுமார் 4 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) இலக்கில் பத்தாவது வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்.

இதோடு நின்றால் பரவாயில்லை. அடி மேலே போனதும் குறிபார்க்கும் சைட்டைத் திருகுகிறார்கள், இரண்டு கிளிக் கீழே. அடுத்து நிழல் பக்கத்துத் தோட்டா. அது கீழே போகிறது. மறுபடியும் திருகல். "பேரல் போயிடுச்சுண்ணா" என்று போன மாதம் ஒரு தம்பி வந்து நின்றான். அவன் சுட்ட இலக்கு அட்டையைப் பார்த்தேன். இடம் வலம் இறுக்கமாக இருந்தது, மேல் கீழாக மட்டும் இழுபட்டிருந்தது. அப்படி இருந்தால் முதலில் தோட்டாவின் வேகத்தைச் சந்தேகப்பட வேண்டும். பெட்டியை மூடி நிழலில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து, சைட்டைத் தொடாமல் ஐந்து ரவுண்ட் சுடச் சொன்னேன். குரூப் சேர்ந்துவிட்டது, ஐந்து அடியும் நெருக்கமாக விழுந்தன. அதற்குள் அரைப் பெட்டி மேட்ச் (போட்டித்) தோட்டா வீண். இறக்குமதிச் சரக்கு, என்ன விலை என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

கீழே வைத்த ஜீரோ

கோவையில் 35 டிகிரியில் வைத்த ஜீரோவை (குறியும் அடியும் ஒன்றாகச் சேரும்படி சைட்டைத் திருகி வைத்ததை) 2,240 மீட்டர் உயரத்தில், 8 டிகிரியில் நம்பாதீர்கள். 50 மீட்டரில் மெல்லிய காற்றால் வரும் வித்தியாசம் சின்னது. குளிர்ந்த மருந்தால் வருவதுதான் பெரிது. 300 மீட்டருக்குப் போனால் இரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இறுகிய மெழுகு

.22 ஈயக் குண்டின் மேல்பூச்சு குளிரில் இறுகும், முதல் சில ரவுண்டுகள் சிதறும். அவற்றை ஸ்கோரில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளுங்கள். பனிச்சறுக்கோடு துப்பாக்கியும் சுடும் பயத்லான்காரர்களுக்கென்றே லாபுவா நிறுவனம் 'போலார் பயத்லான்' என்று தனித் தோட்டா செய்கிறது.

காரின் டேஷ்போர்டு

வேண்டவே வேண்டாம்.

சூடேறிய சேம்பர்

பெரிய ரைபிளில் தொடர்ந்து சுட்ட பிறகு, தோட்டாவை சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறைக்குள்) ஏற்றிவிட்டு யோசித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்; அந்தச் சூடு மருந்துக்கும் ஏறும். சுடப்போகும்போது ஏற்றினால் போதும்.